வயிற்று வலிக்கும் ஒரு விலாசம் உண்டு!

ஒரகடத்தில் நான் பார்க்கும் உத்தியோகம் கொஞ்சம் விசேஷமானது. கார் கம்பெனிகளுக்கு உதிரி பாகம் செய்து கொடுக்கும் ஒரு தொழிற்சாலையில் டைம் ஆபீஸ் கிளார்க். (கம்பெனி பெயர் வேண்டாம் சார்... அடுத்த மாதமும் எனக்குச் சம்பளம் வேண்டும்!) அதாவது, பதினாறு வருடங்களாக அடுத்தவர்களின் லீவு லெட்டரைப் படிப்பதற்காகச் சம்பளம் வாங்குகிறேன்.

சும்மா சொல்லக் கூடாது, லீவு லெட்டர் என்பது தனி இலக்கியம். ஒரு தம்பிக்கு ஒரே வருடத்தில் மூன்று முறை பாட்டி செத்துப் போனார்.

"ஏம்பா, போன தடவை செத்தது யாரு?"

"அது அப்பாவோட அம்மா சார்."

"அதுக்கு முன்னாடி?"

"அம்மாவோட அம்மா சார்."

"சரி, இப்போ?"

தம்பி கொஞ்ச நேரம் மோட்டுவளையைப் பார்த்தான். "வீட்டு ஓனரோட அம்மா சார்... நான் பாட்டின்னுதான் கூப்பிடுவேன்!"

அந்தக் கற்பனை வளத்துக்காகவே லீவைப் போட்டுக் கொடுத்தேன்.

ஆனால், 'வயிறு சரியில்லை' என்று வருகிற லெட்டரில் பெரும்பாலும் கற்பனை இருக்காது. எழுத்து கோணலாக இருக்கும். பேனா பாதியில் நின்றிருக்கும். இத்தனை வருடம் அதைக் கவனிக்காமல் இருந்துவிட்டேன். கவனிக்க வைத்தவன் போளூர் பக்கத்துப் பையன் ஒருவன்.

2019, ஆடி மாதக் கடைசி. காண்ட்ராக்ட் தொழிலாளி, இருபத்திரண்டு வயது. வேலைக்குச் சேர்ந்து பதினாலு மாதம் ஆகியிருந்தது. என் ஜன்னலுக்கு வந்து நின்றான். கண் இரண்டும் எலுமிச்சம்பழம் மாதிரி மஞ்சள்.

"சார், ஒரு வாரம் லீவு வேணும் சார்."

"ஒரு வாரமா? டிஸ்பாட்ச் நேரத்துல எல்லாரும் இப்படிக் கிளம்பினா எப்படிப்பா?" என்று வழக்கமான வசனத்தைச் சொன்னேன். போய்விட்டான். ஒரு வாரம் மூன்று வாரமாக நீண்டது. தகவல் இல்லாமல் பத்து நாள் வராவிட்டால் காண்ட்ராக்டருக்குப் பட்டியல் போக வேண்டும். நான் சிவப்புப் பேனாவால் வரிசையாக 'ஏ' போட்டேன். பட்டியல் அனுப்பினேன். அவன் இடத்துக்கு வேறு ஆள் வந்தாயிற்று.

நாலாவது வாரம் இளைத்துக் கறுத்துப் போய் வந்தான். கையில் பிரைவேட் கிளினிக் பில்கள், ஒரு கட்டு.

"சார், கேட்ல கார்டு பஞ்ச் ஆகலை சார்."

"உன் பேரை எடுத்துட்டாங்கப்பா..."

கத்துவான் என்று நினைத்தேன். கத்தவில்லை. "தங்கச்சிக்குக் காலேஜ் பீஸ் கட்டணும் சார்" என்று மட்டும் சொன்னான். கொஞ்ச நேரம் நின்றான். அப்புறம் பில்களை மடித்துப் பாக்கெட்டில் வைத்துக் கொண்டு போய்விட்டான்.

ராத்திரி சாப்பாட்டில் கை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். என் மனைவி விஷயத்தைக் கேட்டாள். கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்விதான் போட்டாள்.

"அவனுக்கு இ.எஸ்.ஐ. கிடையாதாங்க?"

சோறு இறங்கவில்லை.

இருந்தது! மாதாமாதம் அவன் சம்பளத்தில் பிடித்துக் கொண்டிருந்தோம். இ.எஸ்.ஐ. டிஸ்பென்சரிக்குப் போயிருந்தால் வைத்தியத்துக்குப் பணம் கிடையாது. டாக்டர் சான்றிதழ் கொடுத்திருந்தால் வேலைக்கு வராத நாட்களுக்குச் சம்பளத்தில் 70 சதவிகிதம், வருடத்துக்கு 91 நாள் வரை கிடைத்திருக்கும். ஆறு மாத கணக்குக் காலத்தில் 78 நாட்களுக்குப் பணம் கட்டியிருந்தால் போதும். அவனுக்கு அதற்கு மேலேயே இருந்தது. எல்லாவற்றையும் விட, அப்போதிருந்த இ.எஸ்.ஐ. சட்டத்தின் 73-வது பிரிவுப்படி, முறையாகச் சான்றிதழ் பெற்று நோயில் இருக்கும் ஆளை வேலையை விட்டு எடுக்கவே கூடாது.

இத்தனையும் எனக்கு மனப்பாடம். அவனுக்கு ஒரு வரி தெரியாது. நானும் சொல்லவில்லை. டிஸ்பாட்ச் பற்றி மட்டும் சொன்னேன்.

மறுநாள் காண்ட்ராக்டரிடம் போய் நின்றேன். "அடுத்த பேட்ச்ல பாக்கலாம் சார்" என்றார். அடுத்த பேட்ச் வரவே இல்லை. இரண்டு மாதம் கழித்து அவன் வேறு கம்பெனியில் சேர்ந்துவிட்டதாக ரூம் பையன் சொன்னான். முதல் நாளிலிருந்து, மறுபடி புது ஆளாக.

*

உறுத்தல் இருந்தால் மனுஷன் ஏதாவது செய்துதானே ஆக வேண்டும்? நான் நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினேன். வயிற்றுப்போக்கு, வாந்தி, மஞ்சள் காமாலை என்று வந்த லீவு லெட்டரையெல்லாம் எடுத்து, பெயருக்குப் பக்கத்தில் தங்கியிருக்கும் விலாசத்தை எழுதினேன். ஆறு வாரத்தில் பதினாலு பேர். அதில் ஒன்பது பேருக்கு ஒரே விலாசம்!

ஞாயிற்றுக்கிழமை டி.வி.எஸ். ஐம்பதை உதைத்துக் கொண்டு அங்கே போனேன். வரிசையாகப் பன்னிரண்டு ரூம். ஒவ்வொன்றிலும் ஐந்து ஆறு பேர். 'ஏ' ஷிப்ட் பையன் எழுந்து போனதும், 'சி' ஷிப்ட் பையன் வந்து அதே பாயில் படுப்பான். பாய்க்கு ஓய்வே கிடையாது. ஓவர்டைம் கேட்டால் அதற்குத்தான் முதலில் கொடுக்க வேண்டும்! எல்லோருக்கும் சேர்த்து இரண்டே கக்கூஸ். பின்பக்கம் தண்ணீர்த் தொட்டி. மூடி உடைந்து சாக்குப் போட்டு மூடியிருந்தது. அங்கிருந்து எண்ணி எட்டே எட்டில் செப்டிக் டேங்க்.

வீட்டுக்காரர் நல்ல மனுஷர்தான். மோர் கொடுத்தார். "நானும் இந்தத் தண்ணியைத்தான் தம்பி குடிக்கிறேன். எனக்கு ஒண்ணும் ஆகலையே?" என்றார். அவர் சொல்லி முடிப்பதற்குள் உள்ளே சமையலறையில் ஆர்.ஓ. மெஷின் 'டுர்ர்...' என்று ஓடி அவரைக் காட்டிக் கொடுத்துவிட்டது.

மறுநாள் அரை நாள் லீவு போட்டு (காரணம்: வயிறு சரியில்லை!) ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனேன். நோட்டைப் பார்த்த சுகாதார ஆய்வாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பக்கத்திலிருந்த கிராம சுகாதார நர்ஸம்மா சொன்னதுதான் இன்று வரை என் காதில் இருக்கிறது.

"அந்த வீட்ல இத்தனை பேர் இருக்கிறதே எங்களுக்குத் தெரியாது சார். நாங்க பத்து மணிக்கு வருவோம். பாதிக் கதவு பூட்டியிருக்கும். மீதிக் கதவைத் தட்டினா, நைட் ஷிப்ட் முடிச்சுட்டுத் தூங்குற பசங்க... எழுப்ப மனசு வராது. அவங்க ஓட்டு ஒரு ஊர்ல, ரேஷன் கார்டு ஒரு ஊர்ல, உடம்பு மட்டும்தான் இங்க இருக்கு."

ஆய்வாளர் வந்தார். 1939-ம் வருடத்துப் பொது சுகாதாரச் சட்டத்தை வீட்டுக்காரருக்கு விளக்கினார். சென்னை மாகாணத்தில் அந்தக் காலத்திலேயே வந்த சட்டம் அது. குடிதண்ணீர், சாக்கடை, தங்கும் விடுதி என்று எல்லாவற்றுக்கும் அதில் இடம் உண்டு. வீட்டுக்காரர் மோர் கொடுக்க மறந்துவிட்டார். தொட்டியைக் கழுவி, குளோரின் போட்டு, புது மூடி வைத்து, உடைந்த குழாயை மாற்றினார்கள். என் நோட்டில் அடுத்த சில வாரம் அந்த விலாசம் எட்டிப் பார்த்தது. அப்புறம் இல்லை.

"ஏன் சார், தொட்டியைச் சரி பண்ணின பிறகும் ரெண்டு பேருக்கு வந்துச்சே?" என்று கேட்டேன். நர்ஸம்மா விளக்கினார். தண்ணீரில் பரவும் காமாலைக் கிருமி உடம்பில் புகுந்து கண் மஞ்சளாக இரண்டு வாரத்திலிருந்து இரண்டு மாதம் வரை ஆகலாமாம். அதனால்தான் யாருக்கும் தண்ணீர் மேல் சந்தேகம் வருவதில்லை. நேற்று ராத்திரி சாப்பிட்ட பரோட்டா மேல்தான் பழி விழுகிறது. பாவம் பரோட்டா!

நான் என்னவோ புதிதாகக் கண்டுபிடித்துவிட்டதாகக் காலரைத் தூக்கிவிட்டுக் கொண்டேன். அப்புறம் பார்த்தால், 1854-லேயே லண்டனில் ஜான் ஸ்னோ என்ற டாக்டர் இதைச் செய்துவிட்டார். காலராவில் இறந்தவர்களின் வீடுகளை வரைபடத்தில் குறித்துக் கொண்டே போனார். குறியெல்லாம் பிராட் தெருவில் இருந்த ஒரு தண்ணீர்ப் பம்பைச் சுற்றி நின்றது. அந்தப் பம்பின் கைப்பிடியைக் கழற்ற வைத்தார். காலராக் கிருமி பற்றி ஊரில் யாரும் ஒப்புக் கொள்ளாத காலம் அது. கிருமி தெரியாவிட்டாலும் விலாசம் தெரிந்துவிட்டது!

*

'ஒரு லைன் வீட்டுக் கதையை வைத்து இவ்வளவு பேசுகிறானே' என்று நீங்கள் நினைக்கலாம். 2021 டிசம்பரை ஞாபகப்படுத்திக் கொள்ளுங்கள்.

ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் தொழிற்சாலையில் ஆப்பிள் ஐபோன் அசெம்பிள் செய்யும் பெண்கள், பூந்தமல்லி பக்கம் ஒரு விடுதியில் தங்கியிருந்தார்கள். அங்கே சாப்பிட்ட சாப்பாடு ஒத்துக் கொள்ளாமல் அந்த ஒரு விடுதியிலிருந்து மட்டும் 159 பேர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். கூட வேலை பார்த்தவர்கள் செத்துவிட்டதாக வதந்தி கிளம்பியது. 17-ம் தேதி ராத்திரி அந்தப் பெண்கள் சென்னை - பெங்களூர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். மார்கழிக் குளிரில் விடிய விடிய மறியல்.

எங்கள் கம்பெனி பஸ்ஸும் நடுவழியில் நின்றது. "ஒரு வேளை சாப்பாட்டுக்கு இவ்வளவு கலாட்டாவா?" என்றார் பின் சீட்டுக்காரர். எனக்கு என் ஜன்னலில் நின்ற எலுமிச்சம்பழக் கண்கள் ஞாபகத்துக்கு வந்தன. ஒரு வேளைச் சாப்பாடா? அதற்கு முன்னால் எத்தனை வேளை முழுங்கிக் கொண்டு இருந்தார்களோ?

உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் போய்ப் பார்த்தபோது சமையல்கட்டில் எலி. சாக்கடை வசதியும் சரியில்லை. இழுத்து மூடினார்கள். சுமார் 17,000 பேர் வேலை பார்த்த தொழிற்சாலை நின்றது. சில விடுதிகளும் சாப்பாட்டுக் கூடங்களும் தன் விதிகளின்படி இல்லை என்று ஆப்பிளே ஒப்புக்கொண்டு, ஃபாக்ஸ்கானைக் கண்காணிப்பில் வைத்தது. 2022 ஜனவரி 12-ம் தேதிதான் தொழிற்சாலை மறுபடி திறந்தது.

உலகத்தின் அதிநவீன போன் செய்யும் தொழிற்சாலையை நிறுத்தியது மெஷின் கோளாறு அல்ல, சமையல்கட்டு எலி!

இதில் ஒரு நல்ல முடிவும் உண்டு. வல்லம் வடகாலில் சிப்காட் நிறுவனம் 706 கோடியே 50 லட்ச ரூபாய் செலவில், 13 கட்டடங்களில், 18,720 பேர் தங்கும் குடியிருப்பைக் கட்டியது. ரூமுக்கு ஆறு பேர். 2024 ஆகஸ்ட் 17-ம் தேதி முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் திறந்து வைத்தார். ஆஸ்பத்திரி கட்டியிருந்தால் 'சுகாதாரத் திட்டம்' என்று பெயர் வந்திருக்கும். என்னைக் கேட்டால் இதுவும் சுகாதாரத் திட்டம்தான்.

ஆனால், நம்ம பசங்க நிலைமை? பெண்கள், குழந்தைகள் விடுதிகளுக்கு என்று தமிழ்நாட்டில் 2014-ல் ஒரு சட்டமே வந்தது. லைசென்ஸ் வாங்காமல் நடத்தக் கூடாது. சுங்குவார்சத்திரத்திலும் மாத்தூரிலும் ஒரு ரூமில் ஆறு பையன்கள் படுத்திருந்தால், அதற்குப் பெயர் விடுதி கூட இல்லை... 'பேச்சலர் ரூம்'!

*

"நமக்கென்ன சார், நாம ஆபீஸ் ஸ்டாஃப். ஏ.சி. ரூம்!" என்று சிரிப்பவர்களுக்கு ஒரு சேதி.

லண்டனில் ஒயிட்ஹால் என்பது நம் கோட்டை மாதிரி. அரசாங்க ஆபீஸ்கள் இருக்கும் இடம். 1967-ல் அங்கே வேலை பார்த்த சுமார் 18,000 ஆண்களின் உடம்பை டாக்டர்கள் கணக்கெடுக்க ஆரம்பித்தார்கள். இவர்களில் யாரும் பட்டினி இல்லை. எல்லோருக்கும் நிரந்தர உத்தியோகம், அரசாங்கத்தின் இலவச வைத்தியம். அப்படியிருந்தும், உச்சியில் இருந்த அதிகாரியைப் போல சுமார் மூன்று மடங்கு அதிகமாகக் கடைசிப் படி ஊழியர்கள் இறந்து போனார்கள். நடுப் படி குமாஸ்தா? நடுவில்தான்! படிக்கட்டு மாதிரி, ஒவ்வொரு படி இறங்கும்போதும் ஆயுள் குறைந்து கொண்டே வந்தது. சிகரெட், கொழுப்பு, ரத்த அழுத்தம் எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தும் அந்த வித்தியாசத்தில் பெரும்பகுதி அப்படியே நின்றது.

1985-ல் இரண்டாவது தடவை, பெண்களையும் சேர்த்து ஆராய்ந்தார்கள். தன் வேலையைத் தானே தீர்மானிக்க முடியாமல், மேலே இருப்பவர் ஆட்டுகிறபடி ஆடுகிறவருக்கு இதய நோய் அதிகம் வருவது தெரிந்தது. (இந்தப் பக்கத்தைக் கிழித்து மேனேஜர் மேஜையில் வைத்துவிட்டு என் பெயரைச் சொல்லாதீர்கள்!)

இந்த ஆராய்ச்சியை நடத்திய மைக்கேல் மார்மட்டின் தலைமையில் உலக சுகாதார நிறுவனம் ஒரு கமிஷன் போட்டது. 2008-ல் அறிக்கை வந்தது. பெரிய புத்தகம், சாரம் மூன்றே விஷயம். மனிதர்கள் பிறந்து, வளர்ந்து, வேலை பார்த்து, வாழும் நிலைமையைச் சரி செய்யுங்கள். பணமும் அதிகாரமும் ஒரே பக்கம் குவிவதைச் சரி செய்யுங்கள். மூன்றாவதாக, யாருக்கு எங்கே உடம்பு கெடுகிறது என்று அளந்து பாருங்கள்.

மூன்றாவது விஷயத்தைப் படித்ததும் என் நாற்பது பக்க நோட்டைத் தேடி எடுத்து ஒரு முறை தடவிக் கொடுத்தேன்.

*

இதெல்லாம் தமிழ்நாட்டுக்குப் புதிதா என்ன? 1956-ல் காமராஜர் பள்ளிக்கூடத்தில் மதியச் சோறு போட்டார். 1982-ல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரிவாக்கினார். 2022-ல் காலைச் சிற்றுண்டியும் வந்தது. குழந்தையின் உடம்புக்கு மருந்துக்கு முந்தி சோறு வேண்டும் என்பது நமக்கு அறிக்கை வருவதற்கு முன்பே தெரியும்.

2021 ஆகஸ்ட் 5-ம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டத்தில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. பக்கத்துத் தெருப் பெண் ஒருவர் பையோடு வீட்டுக்கு வந்து பிரஷர், ஷுகர் பார்த்து மாத்திரை கொடுக்கிறார். 2024-ல் ஐ.நா. விருது கூடக் கிடைத்தது. நல்ல திட்டம்தான். ஆனால், நர்ஸம்மா சொன்ன அந்தப் பூட்டிய கதவு? அதனால்தான் தொழிற்சாலைக்கே வந்து பரிசோதிக்கும் ஏற்பாட்டையும் 2024-ல் ஆரம்பித்தார்கள். ஆளைத் தேடி வீட்டுக்குப் போனால் கிடைக்க மாட்டான்; மெஷின் பக்கம் போனால் கிடைப்பான்.

ஒன்றே ஒன்று பாக்கி. பிரஷர் பார்க்க வருகிறவர்கள், பையன் எங்கே தூங்குகிறான், எந்தத் தொட்டித் தண்ணீர் குடிக்கிறான் என்பதையும் ஒரு வரி எழுதிக் கொள்ள வேண்டும். கம்பெனி லீவு லெட்டரும் ஆரம்ப சுகாதார நிலைய ரிஜிஸ்டரும் மாதம் ஒரு முறையாவது சந்தித்துப் பேச வேண்டும். பெண் பார்க்கப் போகும்போது மட்டும் குலம், கோத்திரம், விலாசம் எல்லாம் விசாரிக்கிறோமே!

அதுவரை நீங்களும் நானும் செய்யக் கூடியவை சில உண்டு. உங்கள் இ.எஸ்.ஐ. நம்பரைச் சம்பளச் சீட்டில் பாருங்கள். டிஸ்பென்சரி எங்கே என்று காய்ச்சல் வருவதற்கு முன்னால் கேட்டு வையுங்கள். 2019 ஜூலையிலிருந்து உங்கள் பங்கு சம்பளத்தில் முக்கால் சதவிகிதம், முதலாளி பங்கு மூன்றேகால். அது தானம் இல்லை, உங்கள் காசு. ரூம் பார்க்கும்போது ஃபேன், வைஃபை கேட்பதற்கு முன்னால் தொட்டி மூடியைத் தூக்கிப் பாருங்கள். ஒரே ரூமில் இரண்டு பேருக்கு ஒரே மாதிரி வயிறு கெட்டால், பரோட்டா மாஸ்டரைத் திட்டுவதை நிறுத்திவிட்டு, சுகாதார ஆய்வாளரிடம் சொல்லுங்கள்.

எங்கள் கம்பெனியில் நான் சாதித்தது ஒரே ஒரு காலம்தான். லீவு பாரத்தின் அடியில் புதிதாக ஒரு கோடு போட வைத்தேன்: 'தங்கியிருக்கும் இடம், குடிதண்ணீர் எங்கிருந்து?'

போன வாரம் ஒரு மாப்பிள்ளைப் பையன் பத்திரிகையோடு வந்தான். பாரத்தைப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

"சார், கல்யாண லீவுக்கும் எதுக்கு சார் தண்ணி விவரம்?"

"இனிமே அந்தத் தண்ணியை ரெண்டு பேர் குடிக்கப் போறீங்களேப்பா, எழுது!" என்றேன்.

சிரித்துக் கொண்டே எழுதினான். சிவப்புப் பேனா இன்னும் என் மேஜையில்தான் இருக்கிறது. இப்போதெல்லாம் மூன்றாவது 'ஏ' போடுவதற்கு முன்னால் போனை எடுத்துவிடுகிறேன்.

"என்னப்பா... உடம்புக்கு என்ன?"